மாசமாக இருக்கும்போது வந்த பருக்கள்: எதைப் போட்டேன், எதைத் தள்ளி வைத்தேன்

பிள்ளை உண்டானால் முகத்தில் தனிக் களை வந்துவிடும் என்பார்கள். எனக்கு மசக்கையோடு சேர்ந்து பருவும் வந்தது. இரண்டாம் மாதம் முடிவதற்குள் தாடை ஓரத்தில் வரிசையாகச் சிவந்து தடித்தன. அப்புறம் கன்னம், கழுத்து, முதுகு. சில பருக்கள் தலை காட்டாமல் தோலுக்கு அடியிலேயே கட்டியாக நின்றுகொண்டு, ஒருக்களித்துப் படுத்தால் விண்விண் என்று தெறிக்கும். கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்குப் பரு உண்டு. முன்பே பரு வரும் முகமாக இருந்தால் கர்ப்ப காலத்தில் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்று தோல் மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆனாலும் கண்ணாடியில் பார்த்தபோது கஷ்டமாகத்தான் இருந்தது.

நான் திருச்சியில் ஒரு வங்கிக் கிளையில் கவுன்டரில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள், மருத்துவம் படித்தவள் அல்ல. என் தோல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சொன்னதையும், நான் கடைப்பிடித்ததையும் எழுதுகிறேன். மாசமாக இருக்கும் பெண் பருவைப் பற்றிப் பேசினால் "இதெல்லாம் ஒரு பிரச்னையா, குழந்தை நல்லா இருந்தா போதாதா" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. வலிக்கிற கட்டிகளோடு மாதக்கணக்கில் இருப்பதும், அது ஆறித் தழும்பாக நிற்பதும் சின்ன விஷயம் இல்லை. குழந்தைக்கு ஆபத்தில்லாமல் போட்டுக்கொள்ளக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. ஆபத்தான சிலவும் இருக்கின்றன. அவை பெரும்பாலும் நம் வீட்டு டிராயரிலேயே கிடக்கும்.

ஏன் வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கர்ப்பம் தரித்த முதல் வாரங்களிலிருந்தே உடம்பில் ஹார்மோன்கள் ஏறுகின்றன. அதனால் தோலில் எண்ணெய் சுரப்பதும் கூடுகிறது. எண்ணெயும் இறந்த செல்களும் சேர்ந்து துளையை அடைக்க, உள்ளே கிருமி பெருகி வீங்குகிறது. பலருக்கு நான்காம், ஐந்தாம் மாதத்தில் தணிந்துவிடும். சிலருக்குக் கடைசி வரை இருக்கும். என் அத்தை "எல்லாம் உள்ள இருக்கற சூடும்மா, வெந்தயம் ஊறவச்சுக் குடி" என்றார். வெந்தயத் தண்ணீர் கொஞ்சமாகக் குடித்தேன், அதனால் பரு குறையவில்லை. கவுன்டருக்கு வரும் பெரியவர்களில் பாதிப் பேர் முகத்தைப் பார்த்ததும் "பொண்ணுதான், அம்மா அழகை எடுத்துக்குது" என்பார்கள். பருவுக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வயிற்றில் இருக்கும் குழந்தை என்ன பாலினம் என்று கண்டறிந்து சொல்வதே இங்கே 1994ஆம் வருடச் சட்டப்படி குற்றம். இதில் முகத்தை வைத்துத் தீர்ப்பு வேறு.

குழந்தைக்குத் திட்டமிட்டபோதே நான் செய்தது ஒன்று உண்டு. கண்ணாடி மேஜை டிராயரில் இருந்த எல்லா ட்யூபையும், பாட்டிலையும், மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டுத் தோல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொட்டினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, முன்பக்கத்துப் பெரிய எழுத்தைப் பார்க்காமல், பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தார். "பிராண்ட் பேரை மறந்துடுங்க. உள்ள என்ன இருக்குன்னு மட்டும் பாருங்க" என்றார். ட்யூப்பின் மடிப்பு ஓரத்தில், பாதி அழிந்துபோன எழுத்தில்தான் மருந்தின் உண்மையான பெயர் இருக்கும். படிக்க முடியாவிட்டால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இடது ஓரத்தில் சிவப்புக் கோடும் ஆர்எக்ஸ் என்ற குறியும் இருந்தால் அது மருத்துவர் சீட்டில் மட்டும் தர வேண்டிய மருந்து. அது எப்படிக் கைக்கு வந்தது, யார் கொடுத்தது என்று யோசியுங்கள்.

அந்தப் பையிலிருந்து அவர் முதலில் தேடியது ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைத்தான். கடுமையான பருவுக்குக் கொடுக்கும் மாத்திரை அது. எனக்கும் கல்யாணத்துக்கு வெகு முன்பு கொடுத்திருக்கிறார்கள், நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கர்ப்பத்தில் அதைவிட மோசமான பரு மருந்து இல்லை. 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சில வருடங்களுக்குள்ளேயே அதைச் சாப்பிட்ட தாய்மார்களுக்குக் காது, முகம், இதயம், மூளை சரியாக உருவாகாத குழந்தைகள் பிறந்தது தெரியவந்தது. கருச்சிதைவும் அதிகம். அதனால் அங்கே 2006லிருந்து கர்ப்பப் பரிசோதனை செய்து, கருத்தடையை உறுதிசெய்து, பதிவு செய்த பிறகுதான் அந்த மருந்தையே தருகிறார்கள். நம் ஊரில் ஒருத்தர் சீட்டை இன்னொருத்தர் காட்டி வாங்கிவிட முடிகிறது. கடைசி மாத்திரைக்குப் பிறகு குறைந்தது ஒரு மாதம் கழித்துத்தான் கருத்தரிக்க முயல வேண்டும். இதைச் சாப்பிடுபவர்கள், நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை, ரத்த தானம்கூடச் செய்யக்கூடாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம் என்பதுதான் காரணம். வீட்டில் வேறு யாருக்காவது இந்த மாத்திரை எழுதியிருந்தால் உங்கள் சத்து மாத்திரை டப்பாவோடு சேர்த்து வைக்காதீர்கள்.

அடுத்து அதே குடும்பத்தைச் சேர்ந்த கிரீம்கள். ட்ரெட்டினாயின், அடாபலீன், டாசரோட்டீன், ரெட்டினால், ரெட்டினைல் பால்மிடேட் என்று பெயர்கள் வரும். எல்லாம் வைட்டமின் ஏ வழி வந்தவை. முகத்தில் தடவும்போது உடம்புக்குள் போவது மிகக் கொஞ்சம்தான். இருந்தாலும் வேறு பாதுகாப்பான மருந்து இருக்கும்போது இந்த ரிஸ்க் எதற்கு என்று மருத்துவர்கள் எல்லோருமே நிறுத்தச் சொல்கிறார்கள். நான் அதுவரை இரவில் அடாபலீன் ஜெல் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றோடு நிறுத்தினேன். ரெட்டினால் இப்போது சூப்பர் மார்க்கெட் சீரங்களிலும் 'நைட் கிரீம்' என்ற பெயரிலும் கிடைக்கிறது. மருந்துக் கடையில் வாங்கவில்லையே என்று அதை விட்டுவிடாதீர்கள்.

இந்த இடத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு நாள் தள்ளிப்போனது தாமதமாகத்தான் தெரிந்தது, அதுவரை அடாபலீன் போட்டிருக்கிறாள். இணையத்தில் எதையோ படித்துவிட்டு, குழந்தையையே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தாள். மருத்துவர் சொன்னது இதுதான்: தடவும் மருந்து என்றால் உடனே நிறுத்துங்கள், எவ்வளவு நாள் போட்டீர்கள் என்று சொல்லுங்கள், வழக்கமான ஸ்கேன்களைத் தவறாமல் எடுங்கள், பயப்பட வேண்டாம். மாத்திரை என்றால் கதை வேறு, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு யாரும் தானாக முடிவெடுத்துவிடக் கூடாது. அவளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனது.

வைட்டமின் ஏ விஷயத்திலேயே இன்னொன்று. தலைமுடிக்கு, தோலுக்கு என்று விற்கும் சத்து மாத்திரைகளிலும் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையிலும் வைட்டமின் ஏ ரெட்டினாலாகவே இருக்கும். கர்ப்பத்தில் அது ஒரு நாளைக்கு 10,000 யூனிட்டைத் தாண்டக்கூடாது. மகப்பேறு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைக்கு மேல் நாமாக எதையும் சேர்க்காமல் இருந்தாலே போதும். கேரட், முருங்கைக்கீரை, பப்பாளிப் பழம் போன்றவற்றில் இருப்பது வேறு வடிவம், அதற்கு இந்தப் பயம் கிடையாது.

பருவுக்குச் சாப்பிடும் மாத்திரைகளில் டாக்ஸிசைக்ளினும் மினோசைக்ளினும் அடிக்கடி எழுதப்படுபவை. நான்காம் மாதத்துக்குமேல் குழந்தையின் பல்லும் எலும்பும் கெட்டிப்படும்போது இவை அதில் படிந்து பல்லை நிரந்தரமாகக் கறையாக்கிவிடும். சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு முகமுடிக்கும் பருவுக்கும் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் ஆண் ஹார்மோனைத் தடுப்பது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தை என்றால் அதன் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். பழைய சீட்டைக் காட்டி இவற்றை மறுபடி வாங்கக் கூடாது.

மருந்துக் கடையைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. எங்கள் பகுதியில் ஒரு கடையில், வயிறு நன்றாகத் தெரியும் நிலையில் நான் நின்று "பருவுக்கு அஸெலெயிக் ஆசிட் கிரீம் இருக்கா" என்று கேட்டேன். அது இல்லை என்று சொல்லிவிட்டு, "இது போடுங்க மேடம், ஒரு வாரத்துல முகம் பளிச்சுனு ஆயிடும்" என்று ஒரு ட்யூபை எடுத்து வைத்தார்கள். திருப்பிப் பார்த்தால் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மோமெட்டசோன் மூன்றும் கலந்தது. ஹைட்ரோகுயினோன் தோல் நிறத்தை வெளுக்க வைப்பது, தோல் வழியாகக் கணிசமாக உள்ளே போகும், கர்ப்பத்தில் வேண்டாம் என்பார்கள். ட்ரெட்டினாயின் என்ன என்று மேலே சொல்லிவிட்டேன். மோமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. போட்ட சில நாட்களில் சிவப்பு அடங்கிப் பருவே இல்லாதது போல இருக்கும், அதனால்தான் வாய்மொழியாகவே இவ்வளவு விற்கிறது. நிறுத்தியதும் முன்னைவிடப் பல மடங்கு பரு கிளம்பும், தோல் மெலிந்து நரம்பு தெரியும், முகம் எரியும். வீரியமான ஸ்டீராய்டு கிரீம்களைக் கர்ப்பத்தில் அதிக அளவில் பூசினால் குழந்தையின் எடை குறையலாம் என்பதும் உண்டு. 2018இல் இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு கிரீம்களை மத்திய அரசு மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஆக்கியது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. நான் அந்த ட்யூபை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

சிவப்பழகு கிரீம்கள் இன்னும் மோசம். 2023இல் மலப்புரத்தில் சிறுநீரகம் பாதித்து வந்தவர்களை விசாரித்தபோது பாதரசம் கலந்த, தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத சிவப்பழகு கிரீம்கள் பிடிபட்டன. கேரளாவில் கடைகடையாகச் சோதனையே நடந்தது. பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் மூளை வரை போகக்கூடியது. உள்ளே என்ன இருக்கிறது, எங்கே தயாரானது என்று எழுதாத எந்த டப்பாவும் வீட்டுக்குள் வரக்கூடாது, வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் ஆசையாக வாங்கிவந்ததாக இருந்தாலும்.

சரி, நான் என்ன போட்டேன் என்பதற்கு வருகிறேன்.

காலையும் இரவும் சோப்பு இல்லாத, வாசனை இல்லாத ஒரு கிளென்சர். அதற்கு மேல் கழுவவில்லை. எண்ணெய் வழிகிறதே என்று நாலைந்து முறை சோப்புப் போட்டுத் தேய்த்தால் தோல் காய்ந்து எரிச்சல்தான் கூடும். வியர்த்தால் வெறும் தண்ணீரால் ஒத்தி எடுத்தேன். காலையில் கிளின்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் பென்சாயில் பெராக்சைடும் கலந்த ஜெல், இரவில் அஸெலெயிக் ஆசிட். இரண்டுமே தோல் மருத்துவர் எழுதி, மகப்பேறு மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்னவை.

அஸெலெயிக் ஆசிட் கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இயற்கையாகவே இருக்கும் பொருள், உணவு வழியாக உடம்புக்கு ஏற்கெனவே பழக்கமானது. கர்ப்பத்தில் பருவுக்கு முதலில் நினைக்கக்கூடிய மருந்து இது. 10, 15, 20 சதவீதத்தில் கிடைக்கிறது. நான் 10இல் ஆரம்பித்தேன். முதல் வாரங்களில் பூசியவுடன் சுருசுருவென்று குத்தும், கொஞ்சம் அரிக்கும். முகம் நன்றாகக் காய்ந்த பிறகு பூசினால் அந்தக் குத்தல் குறைகிறது. அதற்கு முன் மெல்லிசாக மாய்ஸ்சரைசர் போட்டுக்கொண்டாலும் பரவாயில்லை. முகம் முழுக்க ஒரு பட்டாணி அளவு போதும். பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பது போலப் போடக்கூடாது, பரு வரும் பகுதி முழுவதும் பரப்ப வேண்டும், ஏனென்றால் அடுத்த வாரம் கிளம்பப்போகும் பருவும் அங்கேதான் உள்ளே இருக்கிறது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். பத்து நாளில் ஒன்றும் ஆகவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பருவின் கருப்பு அடையாளத்தையும் இதே கிரீம் குறைக்கிறது. நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு அது பெரிய உதவி.

பென்சாயில் பெராக்சைடு தோல் வழியாக உள்ளே போவது ஐந்து சதவீதம் அளவுக்குத்தான். அதுவும் பென்சாயிக் அமிலமாக மாறிச் சிறுநீரில் வெளியேறிவிடும். 2.5 சதவீதமே போதும், 10 சதவீதம் போட்டால் எரிச்சல்தான் அதிகம். ஒரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: அது துணியை வெளுத்துவிடும். என் நீல நிறத் தலையணை உறையில் கன்னம் படும் இடம் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகிவிட்டது. அப்புறம்தான் அதைக் காலைக்கு மாற்றிக்கொண்டேன், முகம் துடைக்க ஒரு பழைய வெள்ளைத் துண்டை ஒதுக்கினேன். புடவை முந்தானையால் முகம் துடைக்கும் பழக்கம் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். கிளின்டாமைசினைத் தனியாகப் போட்டால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்பதால்தான் இதோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

சாலிசிலிக் ஆசிட் பற்றிப் பலருக்குச் சந்தேகம். 2 சதவீத ஃபேஸ்வாஷை முகத்தில் போட்டுக் கழுவிவிடுவது பிரச்னையில்லை என்றார் மருத்துவர். பார்லரில் தோலை உரிக்கச் செய்யும் வீரியமான பீல், முதுகு முழுக்கப் பூசுவது ஆகியவை வேண்டாம். நியாசினமைடு, அதாவது வைட்டமின் பி3, பயமில்லாமல் போடலாம். நான் அது கலந்த மாய்ஸ்சரைசரையே பயன்படுத்தினேன்.

தோல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் வேறு வேறு இடத்தில் இருந்தால், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. என் கர்ப்ப கால ஃபைலில் ஒரு தாளைச் சேர்த்து, போடும் கிரீம், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் உட்பொருள் பெயரோடு எழுதி வைத்தேன். ஒவ்வொரு செக்கப்புக்கும் அந்த ஃபைல் கூட வரும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பவர்கள் அங்கே கொடுக்கும் அட்டையிலேயே வைத்துக்கொள்ளலாம். செவிலியரிடம் பருவைப் பற்றிக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆறாம் மாதத்தில் தாடைக்கு அடியில் ஒரு கட்டி பெரிதாகி, வாயைத் திறக்கவே வலித்தது. கிரீம் போதாத நிலை. கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய ஆன்டிபயாடிக் மாத்திரைகளும் உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. செஃபாலெக்சின், அமாக்சிசிலின், எரித்ரோமைசின் போன்றவற்றை நிலைமையைப் பார்த்து, குறைந்த நாட்களுக்கு எழுதுவார்கள். எனக்குச் செஃபாலெக்சின் கொடுத்தார்கள், கட்டி அமுங்கியது. எனக்கு இது பொருந்துமா என்பதை என் உடம்பைப் பார்த்து முடிவு செய்தவர் மருத்துவர். பென்சிலின் அலர்ஜி உள்ளவர்களுக்கு இதே மாத்திரை ஆபத்தாகலாம். அந்தக் கட்டியை அமுக்கவோ ஊசியால் குத்தவோ கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அமுக்கினால் சீழ் உள்பக்கமாக உடைந்து, குழி விழுந்த தழும்பு நின்றுவிடும்.

இனி அடுக்களை வைத்தியம். அம்மாவுக்கு நலங்கு மாவு மேல் அசையாத நம்பிக்கை. அதில் பாசிப்பயறு மாவு மட்டும் இருந்தால் எனக்குத் தயக்கமில்லை, மென்மையாகத் தடவிக் கழுவிவிடலாம். ஆனால் கடையில் அரைத்து விற்கும் குளியல் பொடியில் கார்போக அரிசி சேர்ப்பார்கள். அதில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது, பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும். ரெட்டினாலுக்கு மாற்று என்று இப்போது விளம்பரம் செய்யும் பகுச்சியாலும் அதே விதையிலிருந்து எடுப்பதுதான். கர்ப்பிணிகளிடம் அது போதிய அளவு பரிசோதிக்கப்படவில்லை என்பதால் எனக்கு வேண்டாம் என்றார்கள். எலுமிச்சைச் சாறு, பற்பசை, பூண்டு மூன்றையும் முகத்தில் தேய்க்காதீர்கள், எரிந்து புண்ணாகி அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்து நிற்கும். ஜாதிக்காயை உரசிப் போட்டு எரிச்சல் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ரத்தம் சுத்தமாகும் என்று வேப்பெண்ணெயோ வேப்பங்கொழுந்துக் கஷாயமோ கொடுத்தால் குடிக்கவே கூடாது. வேப்பெண்ணெய் கருவுக்கு ஆகாதது.

அம்மாவிடம் இதையெல்லாம் பட்டியல் போட்டு மறுக்க மனம் வரவில்லை. "பாசிப்பயறு மட்டும் அரைச்சுத் தாம்மா, அது போதும்" என்றேன். அவளும் சந்தோஷமாக அரைத்துத் தந்தாள். தலைக்கு எண்ணெய் வைப்பதில்தான் கொஞ்சம் வாக்குவாதம். நெற்றியிலும் கன்னத்து ஓரத்திலும் வரும் பொடிப்பொடிப் பருக்களுக்குத் தேங்காய் எண்ணெய் வழிவது ஒரு காரணம். நெற்றி ஓரம் படாமல் உச்சியில் மட்டும் வைத்து, அன்றைக்கே அலசிவிடுவது என்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.

வெயிலை மறந்துவிடக் கூடாது. கர்ப்பத்தில் மங்கு வருவதற்கு வெயில் தூண்டுகோல், பருவின் கருப்பும் வெயிலில்தான் ஆழமாகும். துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் தோலின் மேலேயே நின்று வேலை செய்வதால் கர்ப்பத்துக்கு அதைச் சொல்கிறார்கள். நம் நிறத்துக்கு அது வெள்ளையாகத் திரிந்து தெரியும். வெளிர் பழுப்பு நிறம் கலந்தது கிடைத்தால் வாங்குங்கள். குடையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

வளைகாப்பன்று என்ன செய்வது என்று எனக்கு முன்கூட்டியே கவலை. வருகிற ஒவ்வொரு சுமங்கலியும் இரண்டு கன்னத்திலும் சந்தனத்தை அழுத்திப் பூசுவார்கள், அடியில் கட்டிகள் இருந்தால் உயிர் போகும். என் நாத்தனாரிடம் சொல்லி வைத்தேன். அவள் தாம்பாளத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "அத்தை, கையில பூசுங்க, நெத்தியில குங்குமம் மட்டும் வைங்க, கன்னத்துல புண்ணு இருக்கு" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். ஒருவர்கூடத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மேக்கப்பும் எளிமையாக வைத்துக்கொண்டேன். துளையை அடைக்காத வகை ஃபவுண்டேஷன், நானே கழுவி எடுத்துப்போன பிரஷ், இரவு எவ்வளவு அசதியாக இருந்தாலும் எல்லாவற்றையும் கழுவிவிட்டுப் படுத்தேன். விழாவுக்கு முன்பு பார்லரில் ப்ளீச், ஃபேஷியல் எதுவும் செய்யவில்லை.

எல்லாப் பொரிப்பும் பரு இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நெற்றி, மார்பு, முதுகில் ஒரே அளவில் பொடிப்பொடியாக வந்து அரித்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், பரு மருந்துக்கு அடங்காது. வயிற்றில் பிரசவக் கோடுகளின் மேல் அரிப்போடு தடித்தால் அது வேறு வகை. ஏழாம் மாதத்துக்குமேல் எந்தப் பொரிப்பும் இல்லாமலே உள்ளங்கையும் உள்ளங்காலும், குறிப்பாக இரவில், தாங்க முடியாமல் அரித்தால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். பித்தநீர் சரியாக வடியாமல் தேங்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம், குழந்தைக்கு ஆபத்தானது. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். காய்ச்சலோடு உடம்பெங்கும் சீழ்க் கொப்புளம் வந்தால் நேராக மருத்துவமனைதான். திடீரென்று பரு கடுமையாகி, குரல் கரகரத்து, முகத்தில் முடியும் வேகமாக வளர்ந்தால் அதையும் சொல்ல வேண்டும், ஹார்மோன் பரிசோதனை தேவைப்படலாம்.

சாப்பாட்டில் நான் பெரிதாக எதையும் விலக்கவில்லை. வீட்டில் பாலில் சர்க்கரை அள்ளிப் போட்டுக் குங்குமப்பூ கலந்து தருவார்கள். சர்க்கரையை மட்டும் குறைத்தேன், இனிப்பும் மைதாப் பண்டங்களும் சிலருக்குப் பருவைக் கூட்டுகின்றன. பருவுக்காகப் பாலையே நிறுத்திவிடுவது கர்ப்பத்தில் சரியில்லை.

ஏழாம் மாதம் வாக்கில் புதுப் பருக்கள் கிளம்புவது குறைந்தது. முழுதாகப் போய்விடவில்லை. வலிக்கும் கட்டிகள் நின்றன, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

பிரசவத்துக்குப் பிறகு ஹார்மோன் சட்டென்று இறங்கும்போது சிலருக்கு மறுபடி ஒரு சுற்று வரும். எனக்கும் வந்தது. பால் கொடுக்கும்போதும் அஸெலெயிக் ஆசிட், பென்சாயில் பெராக்சைடு, கிளின்டாமைசின் ஜெல் மூன்றும் தொடரலாம். மார்பில், குழந்தையின் வாய் படும் இடத்தில் பூசக்கூடாது. பூசியபின் கை கழுவ வேண்டும், கிரீம் காயும்வரை குழந்தையின் கன்னத்தை நம் கன்னத்தோடு ஒட்ட வைக்கக்கூடாது. நான் பாப்பாவைத் தூங்க வைத்த பிறகுதான் பூசுவேன். ஐசோட்ரெட்டினாயினைப் பால் கொடுக்கும் காலம் முழுவதும் தொடக்கூடாது. அதன் பிறகு எழுதினாலும், நம்பகமான கருத்தடை இருக்கிறதா என்று மருத்துவர் கேட்பார், கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். பால் கொடுக்கும் மாதங்களில் மாதவிடாய் வராமலே கருத்தரிக்க முடியும்.

பாப்பாவுக்கு ஒரு மாதம் நிறைவதற்குள் கன்னத்தில் சின்னச் சின்னதாகச் சிவந்த பருக்கள் வந்தன. "உன் பரு பிள்ளைக்கு ஒட்டிக்கிச்சு" என்று ஒரு சித்தி சொன்னார். பரு ஒட்டுவதும் இல்லை, நான் பூசிய மருந்தால் வந்ததும் இல்லை. பச்சைக் குழந்தைகளுக்கு இது சகஜம். எண்ணெய், பவுடர், தாய்ப்பால், என் ட்யூபில் இருப்பது என எதையும் தடவக் கூடாது, கிள்ளக் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்தால் போதும் என்றார் குழந்தை மருத்துவர். சில வாரங்களில் தானாகவே மறைந்தது. அது சீழ்க் கொப்புளமாக இருந்தாலோ, குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தாலோ, பால் குடிக்காமல் சோர்ந்தாலோ மட்டும் தாமதிக்காமல் காட்டச் சொன்னார்.